பேரையூருக்குப் போன ரோட்டர்

திருநகர்
11.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை வாசல் தெளிக்க வாளியோடு போனபோது, கார் பக்கத்தில் தரையில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. பாம்புக்குட்டி என்று நினைத்து வாளியைக் கீழே போட்டுவிட்டேன். அது அசையவில்லை. விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தேன். ரப்பர். டிரைவர் பக்கக் கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்குமே, நீ விரலால் தள்ளித் திறந்து காற்றை உன் முகத்துக்குத் திருப்பிக்கொள்வாயே, அதைச் சுற்றி இருக்கும் பீடிங். அதற்குப் பிறகுதான் காரின் கவர் ஒரு பக்கம் தூக்கி இருப்பதையே பார்த்தேன்.

யாரோ அந்தக் கண்ணாடியைக் கம்பியால் நெம்பிக் கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள். நெம்பிய இடத்தில் கதவுத் தகரம் உள்ளே போயிருக்கிறது, பெயின்ட் தேங்காய் ஓடு மாதிரி பெயர்ந்திருக்கிறது. சக்கரத்து வட்டத் தட்டுகள் நாலும் இல்லை. ஹாரன் இல்லை. பழைய அம்பாசிடர் சாமானுக்கு வெளியூரில் நல்ல விலையாம், அதனால் கழற்றிப் போகிறார்களாம், பக்கத்து வீட்டு மீனா அக்கா சொன்னது.

பின்னால் அம்மா தைத்துப் போட்ட திரை இருக்கிறதல்லவா, அவள் வாழைத்தண்டுப் பச்சைச் சேலையைக் கிழித்துத் தைத்தது. அதைத் திருடவில்லை. அதில் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கிறது.

அப்பா வெளியே வந்து பார்த்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "டீயக் குடு, நேரமாச்சு" என்றார். குடித்துவிட்டுக் கப்பலூருக்கு லேத் வேலைக்குப் போய்விட்டார். நீ வீட்டை விட்டுப் போன அன்றைக்கும் இதே மாதிரிதான் டீ கேட்டார்.

உனக்கு ஆச்சரியமாக இருக்கும், ஒரு வருஷம் கழித்து இவள் ஏன் எழுதுகிறாள் என்று. நீ போன மறுவாரம் அப்பா என்னைக் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார். "அவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு அடி" என்றார். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். அதற்கு அப்புறம் அவர் தன் பங்குக்கு ஒரு சூடம் ஏற்றி, "அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று அடித்தார். அதனால்தான் நீ போன் பண்ணினால் எடுப்பதில்லை. கோபம் இல்லை அக்கா. எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். பத்தாவதுக்குப் போகாமல் நின்றபோது டீச்சர் வீட்டுக்கே வந்து ஏன் என்று கேட்டார்கள். அம்மா படுக்கையில் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வராமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஆனால் பேசத்தானே கூடாது. எழுதுவதைப் பற்றிச் சூடம் அடிக்கவில்லை. இது காலையில் அந்த ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் தோன்றியது. தபால் பகலில்தான் வரும், அப்பா இருக்க மாட்டார்.

திரையில் இருக்கும் கிரீஸ் எப்படிப் போகும்? சோப்புக்குப் போகவில்லை.

உன் தங்கை
தமிழ்வாணி


பேரையூர்
19.6.2024

ஏய் வாணி,

உன் கடிதம் வந்தபோது நான் துவைத்துக்கொண்டிருந்தேன். கவரில் உன் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் சுவரோரமாக ஒண்டி நிற்கிற மாதிரி. ஈரக் கையோடு பிரித்துவிட்டேன், அதனால் ஒரு மூலை கிழிந்துவிட்டது. இருந்தாலும் நாலு தடவை படித்தேன். ஒரு வருஷமாக, என் தங்கச்சி என்னை வெறுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சூடத்தை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். எழுது, நன்றாக எழுது. கருப்பன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கிரீஸுக்கு மண்ணெண்ணெய். கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து ஊறவைத்து, அப்புறம் சோப்புப் போடு. கசக்காதே. அந்தச் சேலை ஏற்கனவே இற்றுப்போனது. அம்மா அதைக் கிழிக்கும்போது, "என் புள்ளைக மேல வெயில் படக்கூடாது" என்று சொன்னாள். நீ அப்போது மடியில் இருப்பாய், உனக்கு நினைவிருக்காது.

வண்டியைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் பிறந்த வருஷம் மில் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை அப்பா வாங்கினாராம். ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் தூக்கிவந்தது அதில். உன்னைத் தூக்கிவந்ததும் அதில். ஊரில் எத்தனை பெண்கள் மாலையும் கழுத்துமாக அதில் ஏறிப் போனார்கள்! அழகுபாண்டி அண்ணன் வண்டிதான் வேண்டும் என்று அப்பா பேரைச் சொல்லி ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று பேர் கேட்பார்கள். நான் மட்டும் திருமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.

இவரிடம் வண்டியைப் பற்றிச் சொன்னேன். உன் மச்சான் சிவக்குமார் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. உடனே பேப்பரை எடுத்துப் படம் போட ஆரம்பித்துவிட்டார். ஃபிரிட்ஜ் கதவில் இருக்குமே அமுக்கு சுவிட்ச், அதை நாலு கதவு இடுக்கிலும் வைத்து ஹாரனோடு சேர்த்துவிட்டால், எவன் கதவைத் திறந்தாலும் ஹாரன் அலறுமாம். நிறுத்துகிற சுவிட்ச் டிரைவர் சீட்டுக்கு அடியில், உங்களுக்கு மட்டும் தெரிகிற இடத்தில். படமும் சுவிட்சுகளும் பார்சலில் வரும். இன்னொன்றும் சொன்னார். என்ஜினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டெல்கோவின் மூடியைத் திறந்தால் உள்ளே ரோட்டர் என்று ஒரு சின்னக் கறுப்புத் துண்டு இருக்கும். அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் எந்தத் திருடனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது.

இதைக் கடைசியில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். எனக்கு மூணு மாசம், வாணி. அத்தை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் கேட்கிறார்கள், "ஏழாம் மாசம் கட்டுச்சோறு எடுத்துக்கிட்டு அழைக்க ஆள் வருவாகளா?" என்று. சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

அப்பாவிடம் சொல்.

அக்கா
ரோகிணி


திருநகர்
25.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதைப் படித்துவிட்டு அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவளிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது வாய் வரை வருகிறது, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று மாறிவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

ஆடி மாசம் என்பதால் வண்டிக்குக் கல்யாண ஓட்டம் இல்லை. நாலு தெரு தள்ளி சேக் இஸ்மாயில் மாமாவின் டிங்கரிங் கடையில் கதவைக் கழற்றிக் கொடுத்து ஒடுக்கு எடுத்தோம். மீதி வேலையை வீட்டிலேயே பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு நேரம். அதனால் பகலில் நான் பார்த்தேன். ஒடுக்கு எடுத்த இடம் சமமாக வரப் பட்டி பூசுவது தோசை ஊற்றுவது மாதிரிதான் அக்கா, கை நடுங்கினால் திட்டு விழும். காய்ந்த பிறகு தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மேடு எங்கே என்று விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. பீடிங்கை மட்டும் பழையதையே சுடுதண்ணீரில் போட்டு இளக்கி மாட்டினேன். திரை வெளுத்துவிட்டது. கட்டைவிரல் அடையாளம் மட்டும் லேசாக இருக்கிறது.

மச்சான் அனுப்பிய சுவிட்சுகளையும் நானே மாட்டினேன். படம் சுலபமாக இருந்தது, ஒவ்வொரு ஒயருக்கும் பக்கத்தில் நிறத்தை எழுதியிருந்தார். அப்பா பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி ஹாரன் ஒன்று வாங்கி வந்தார், அதே கட்டைக் குரல். இணைப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "யாரு ஆத்தா சொல்லிக் குடுத்தா? ஒயரெல்லாம் முடி வாரினாப்ல கட்டிருக்கு" என்றார். "படத்தப் பாத்து" என்றேன். அது பொய் இல்லை.

இனிமேல்தான் விஷயம். போன வெள்ளிக்கிழமை பால்காரர் வருகிற நேரம். அடுப்பைப் பற்றவைத்திருந்தேன். ஹாரன் அலற ஆரம்பித்தது. தெருவே கூடிவிட்டது. மீனா அக்கா பூரிக்கட்டையோடு ஓடிவந்தது. நான் விளக்குமாற்றோடு போனேன். கவரைத் தூக்கிப் பார்த்தால், பின் சீட்டில் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

"என்னண்ணே, உங்க வண்டியவே நீங்க திருடுறீகளா?" என்று மீனா அக்கா கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சுவிட்ச் இருக்கிற இடம் மறந்துவிட்டது. பின் சீட்டிலிருந்து எக்கி எக்கித் தேடுகிறார், கை எட்டவில்லை. நான் போய் அணைத்தேன். "சும்மா, சீட்டு நமத்துப்போயிருக்கான்னு பாத்தேன்" என்றார்.

இடது பக்க ஓரம் அக்கா. நீ எப்போதும் உட்காருகிற இடம்.

அன்றைக்கு முழுவதும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கும் அவரைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் இப்படித்தான் இருக்கிறோம், ஒருவர் இருக்கிற அறைக்குள் இன்னொருவர் போகாமல்.

உனக்கு மாங்காய் பிடிக்கிறதா, புளி பிடிக்கிறதா? எழுது.

தமிழ்வாணி


பேரையூர்
6.8.2024

வாணி,

அப்பா காருக்குள் உட்கார்ந்திருந்தார் என்று எழுதினாய். படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. காருக்குள் உட்காரத் தெரிந்தவருக்கு அதை ஓட்டத் தெரியாதா? இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம்? அவர் கல்யாண ஓட்டத்துக்குத் தேனி வரை போனவர்தானே.

இவரை வேறு ஆட்கள் என்றார். ஒரு வார்த்தை, ஒரு தடவை, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாரா? ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்பதற்காக மகளையே வேண்டாம் என்றார். அந்த நாலு பேர் இப்போது எங்கே? தினமும் வந்து அவருக்குச் சோறு போடுகிறார்களா?

நீ ஏன் இன்னும் சொல்லவில்லை? ரசம் ஊற்றவா என்று கேட்கிறாயாம். எனக்கு யார் இருக்கிறார்கள், சொல். அம்மா இருந்தால் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறி வந்திருப்பாள். நீதான் எனக்கு அம்மா வீடு. நீ வாயைத் திறக்காவிட்டால் எனக்கு அம்மா வீடு இல்லை.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

மாங்காய். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, அம்மா நறுக்குகிற மாதிரி ஒல்லி ஒல்லியாக. இங்கே கிடைப்பதெல்லாம் அகலமாக நறுக்குகிறார்கள்.

ரோகிணி


திருநகர்
10.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று முழுவதும் எழுதுகிறேன், நடுவில் நிறுத்திவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் ஒரு கல்யாண ஓட்டம், நானும் கூடப் போனேன். மண்டபத்து ஆட்கள் காரில் பூக்கட்ட வேண்டும் என்று கதவைத் திறந்து திறந்து மூட, ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. மேளக்காரர்களே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணே, அந்தச் சனியன அமத்துங்கண்ணே" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அப்பா சுவிட்சை அணைத்தார். அணைத்ததை மறந்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

பட்டப்பகலில், பந்தி நடக்கிற நேரத்தில், பின் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பை ஏதாவது உள்ளே இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒன்றும் இல்லாத கோபத்தில் பின் சீட்டைப் பிளேடால் கிழித்திருக்கிறார்கள். உன் பக்கம்தான். நார் வெளியே தொங்கியது. டேஷ்போர்டுக் கடிகாரத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். திரையைக் காணவில்லை. எதற்கு அக்கா அந்தத் திரை அவர்களுக்கு? பிடுங்கிய கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வெளியே வந்தார்கள். சீட்டெல்லாம் கண்ணாடித் தூள். யாரோ ஒருவருடைய புது வெள்ளைக் காரில் ஏற்றி அனுப்பினார்கள். அப்பா பூக்கட்டிய வண்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஏறாமல் ஒரு பெண் போனது இதுதான் முதல் தடவை. அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது, முதல் தடவை நீதான்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் காற்று விர்ரென்று வந்து பூவெல்லாம் பிய்ந்துபோய்க்கொண்டிருந்தது. கப்பலூர் தாண்டியதும் சொன்னேன். "அக்கா உண்டாயிருக்கு. ஆறாம் மாசம்."

அவ்வளவுதான் வந்தது. திருநகர் திருப்பம் வந்ததும் அப்பா திரும்பவில்லை. நேராகத் திருப்பரங்குன்றம் வரை போனார். அங்கே போன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தவர் மாதிரி வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் பீமாராவ் என்று ஒருவருக்குப் போன் பண்ணினார். மதுரைக்காரர், பழைய கார்களாக வாங்கிச் சேர்க்கிறவர், ரொம்ப நாளாக நம் வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். நான் கேட்டதே அவருக்கு ஆச்சரியம். "காவக் காக்க முடியாத பொருள வச்சுக்கிட்டு என்ன ஆத்தா செய்ய?" என்றார்.

அது வண்டியைப் பற்றி மட்டும் சொன்னது இல்லை என்று எனக்குத் தோன்றியது.

வண்டி போய்விட்டால் அப்புறம் உன்னை எதில் அழைத்து வருவது? ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அவர் வர மாட்டார். இந்த வண்டியில் என்றால் ஒருவேளை வருவார். எனக்கு அந்த ஒருவேளை போதும். அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கூட இருக்கிற சின்னப் பொட்டலத்தைப் பிரித்துப் பார். மச்சான் சொன்ன ரோட்டர்தான். கழற்றி வீட்டுக்குள் வைத்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். அதனால் உன்னிடம் அனுப்புகிறேன். பத்திரமாக வை.

தமிழ்வாணி


பேரையூர்
17.9.2024

வாணிக்குட்டி,

பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கறுப்பாக, தலையில் பித்தளைத் தகடோடு, ஒரு குட்டிச் சாமி சிலை மாதிரி இருக்கிறது. நம் வீட்டு வாசனை அடித்தது. பெட்ரோலும் சூடும்.

முதலில் ஒன்று. போன கடிதத்தில் நான் எழுதியதை நினைத்துக்கொண்டே இருக்காதே. எனக்கும் வாய் அதிகம், கைக்கும் வாய் வந்துவிட்டது. நீ சொன்னாயே, அது போதும். திருப்பம் தெரியாமல் திருப்பரங்குன்றம் போனார் என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

இரண்டாவது, இதைச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். இவர் ரோட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன் தங்கச்சி பாவம். இது எந்த ஸ்பேர் கடைக்குப் போனாலும் கிடைக்கும். டவுன்ல சரம் சரமா தொங்கவிட்டிருப்பான். உங்கப்பா அரை மணி நேரத்துல வாங்கி மாட்டி வண்டியக் குடுத்துட்டு வந்துருவாரு" என்றார். எனக்கு வந்த கோபத்தில், அன்றைக்கு இரண்டாவது தோசை கேட்டதற்குப் போடவில்லை. அப்புறம் அவரே வந்து, "சரி, நானும் வேண்டிக்கிறேன், மதுரைல எல்லாக் கடையிலயும் தீந்து போகணும்னு" என்றார்.

அதனால் நீ ரொம்ப நம்பிவிடாதே. அவர் வண்டியைக் கொடுத்துவிட்டாலும் நீ அழக்கூடாது. ரோட்டர் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. இராத்திரி அது என் காதில் குத்துகிறது. எடுத்து வைக்க மனசு வரவில்லை.

பிள்ளை உதைக்க ஆரம்பித்திருக்கிறது.

ரோகிணி


திருநகர்
2.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை பீமாராவ் சார் டிரைவரோடு வந்தார். அதற்குள் அப்பா பின் கண்ணாடி மாட்டிவிட்டார், சீட்டைத் தைக்கக் கொடுத்து வாங்கிவிட்டார். விற்கிற வண்டிக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கேட்கவில்லை. சார் வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றினார். கதவில் நான் பட்டி பூசிய இடத்தில் அவர் கை நிற்காமல் போனது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

டிரைவர் செல்ப் அடித்தார். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடியும் மறுபடியும். அப்பா பானெட்டைத் தூக்கினார். டெல்கோ மூடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கூப்பிட்டார்.

"ஆத்தா, இங்க வா."

போனேன்.

"ரோட்டர் எங்க?"

பேசாமல் அடுப்படிக்கு ஓடிவிடலாம் என்று கால் திரும்பியது. நீ எழுதினாயே, நீ வாயைத் திறக்காவிட்டால் எனக்கு அம்மா வீடு இல்லை என்று. அது நினைவு வந்தது.

"பேரையூர்ல" என்றேன்.

பீமாராவ் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "பேரையூர்ல ஒர்க்ஷாப்பா?" என்று கேட்டார்.

அப்பா மூடியைத் திருப்பி மாட்டினார். கையைத் துணியில் துடைத்தார். "இல்ல சார். மூத்த மக வீட்ல" என்றார்.

அக்கா, இந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக அந்த வார்த்தை இல்லை.

"அதுக்கென்ன, கடைல வேற வாங்கி மாட்டலாமே" என்றார் சார். அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். சாருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவரும் குடித்துவிட்டார். சாயங்காலம்தான் அப்பா வந்தார்.

"கிடைக்கல சார். இந்த மாடலுக்கு வர்றதே இல்லயாம். அந்தப் பழசத்தான் மாட்டணும். போயித்தான் எடுக்கணும்" என்றார்.

"எப்பப் போவீங்க?"

"புரட்டாசி முடியட்டும் சார். பொம்பளப்புள்ள வீட்டுக்கு நல்ல நாள் பாத்துத்தான் போகணும். நீங்க வேற வண்டி பாருங்க."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. அவர் பீடி குடிக்கிறவர் இல்லை. நான் கை வைத்துப் பார்க்கவில்லை.

தமிழ்வாணி


பேரையூர்
9.10.2024

வாணி,

மூத்த மக என்றா சொன்னார்? கோபமாகவா, சாதாரணமாகவா, எந்தக் குரலில் சொன்னார்? நீ சரியாகக் கேட்டாயா?

இவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய்த் தெருவில் நின்றார். திரும்பி வந்து, "உங்கப்பாவுக்குக் கடையில கிடைக்கலயாம்ல" என்று மட்டும் சொன்னார். சிரிக்கவில்லை.

அத்தை வெள்ளையடிக்க ஆள் பார்க்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். வராவிட்டால் வெள்ளையடித்த சுவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் நம்ப மாட்டேன் வாணி. ஒரு தடவை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க முடியாது. நம் வண்டி ஹாரன் இந்தத் தெருவில் கேட்கட்டும், அந்தக் கட்டைக் குரல். அப்போது நம்புகிறேன்.

ரோகிணி


பேரையூர், உன் வீட்டு வாசல்
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்குத் தபால்தலை இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன், அதனால் கோணலாக வருகிறது.

காலையில் அப்பா வேட்டி கட்டிக்கொண்டு, "ஆத்தா, கிளம்பு" என்றார். நான் விடியும் முன்னேயே எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்துவிட்டேன். மீனா அக்கா வந்து, "தயிர்ச்சோத்த மேலாக வையிடி, டிக்கி சூட்டுல புளிச்சுப்போகும்" என்று சொல்லி, தன் பங்குக்கு இரண்டு டஜன் கண்ணாடி வளையலும் கொடுத்தது. மாங்காய் ஒரு டப்பா தனியாக இருக்கிறது. ஒல்லியாகத்தான் நறுக்கியிருக்கிறேன்.

அப்பா செல்ப் அடித்தார். ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது.

திருமங்கலம் தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன். "ரோட்டர் எடுக்கத்தானே போறோம். அது இல்லாம வண்டி எப்படிப்பா ஓடுது?"

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பேசாம வா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "உனக்கு வர வர வாய் நீண்டுபோச்சு" என்றார். அவர் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். வழியெல்லாம் அவரே பேசிக்கொண்டு வந்தார், மழை இல்லை, கண்மாய் காய்ந்து கிடக்கிறது, அந்த ஒயர் படத்தைப் போட்டவன் கை நல்ல கை என்றெல்லாம். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

உன் தெருவில் திரும்பியதும் வண்டியை மெதுவாக்கினார். வாசலுக்கு எதிரே, வேப்பமர நிழலில் நிறுத்தியிருக்கிறோம். கொடியில் உன் மஞ்சள் நைட்டி காய்கிறது. சுவர் புதுசாக வெள்ளையடித்து இருக்கிறது அக்கா. வேண்டாம் என்று சொன்னதாக எழுதினாயே.

"போயிக் கூப்பிடு ஆத்தா" என்றார் அப்பா.

"நான் பேச மாட்டேன்னு சூடம் அடிச்சிருக்கேன்பா" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நான் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுல்ல அடிச்சிருக்கேன்" என்றார்.

இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு ஆடு வந்து சக்கரத்தை மோந்துவிட்டுப் போனது. தண்ணீர்க் குடத்தோடு போகிற இரண்டு பேர் நின்று வண்டியைப் பார்க்கிறார்கள். அப்பா கண்ணாடியைத் திருப்பித் தலையைக் கோதிக்கொள்கிறார், அப்புறம் பழையபடி திருப்பி வைக்கிறார். "எம்புட்டு நேரம்டி எழுதுவ?" என்கிறார்.

இடது பக்க ஓரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தையல் போட்ட இடம் கொஞ்சம் மேடாக இருக்கும், உறுத்தினால் சொல். திரை புதுசு. அம்மாவின் கத்தரிப்பூக் கலர்ச் சேலையில் பாதி. மீதிப் பாதியைத் தொட்டிலுக்கு வைத்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் பேனாவை மூடி, முன் சீட்டுக்குச் சாய்ந்து, அப்பாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஹாரனை அமுக்கப்போகிறேன்.